பேச்சை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கும் வேலை நம் ஊர் போலீசுக்கு வேண்டாம்

இது நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் யார் என்று தெரியாது. ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களில் பாதிப் பேர் வங்கதேசத்துக்காரர்களாம். வீட்டு ஓனர்கள் அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். நம் போலீஸ் ஒவ்வொரு லைன் வீடாகப் புகுந்து, பேப்பர் இல்லாதவனை எல்லாம் பிடித்து லாரியில் ஏற்ற வேண்டுமாம். அதை அனுப்பியவன் என் அக்கா மகன். கீழே பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். நான் "இது தப்பு" என்று ஒரே வரி போட்டேன். "சித்தி, உங்களுக்கு எதுக்கு அரசியல், ரெஸ்ட் எடுங்க" என்று பதில் வந்தது.

2018-ல் ஓய்வு பெற்றதிலிருந்து ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுத நேரம் இருக்கிறது.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் வெளிநாட்டவர் என்று முடிவு செய்து வெளியே அனுப்புவது ஒன்றிய அரசின் பொறுப்பு. அந்த வேலையை நம் ஊர் ஸ்டேஷன் போலீஸ் தெருத்தெருவாகச் செய்ய ஆரம்பித்தால் நாட்டின் பாதுகாப்பு இம்மியும் கூடப் போவதில்லை. நம் தெருவின் பாதுகாப்பு குறையும். எப்படி என்று கேளுங்கள்.

என் வீட்டுக்கு எதிரே ஒரு லைன் வீடு இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, எட்டுப் பையன்கள். நாலு பேர் பகல் ஷிப்ட், நாலு பேர் இரவு ஷிப்ட். பாய் ஆறுவதே இல்லை. எல்லோரும் மேற்கு வங்கம் மால்டா மாவட்டம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். நம் சந்தையில் மாம்பழம் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு "எங்க ஊர் போல இல்லம்மா" என்று என்னிடம் குறை சொல்வார்கள். ஒரு இரவு அதில் ஒரு பையன் ஷிப்ட் முடிந்து வரும்போது பைக்கில் வந்த இரண்டு பேர் கத்தியைக் காட்டி போனையும், காண்ட்ராக்டர் கையில் கொடுத்த சம்பளத்தையும் பிடுங்கிக்கொண்டு, கையிலும் கீறிவிட்டுப் போனார்கள். மஞ்சள் வைத்துக் கட்டுப்போட்டவள் நான்தான். "வாடா, ஸ்டேஷனுக்கு நானே கூட வருகிறேன்" என்றேன். வரவே மாட்டேன் என்றான். அழுதானே தவிர வரவில்லை.

காரணம் மறுநாள்தான் தெரிந்தது. அவன் சித்தப்பா மகன் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் குப்பை பிரிக்கிற வேலையில் இருந்தவன். 2025 ஜூலையில் அங்கே போலீஸ் வங்காளம் பேசுகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய் சமுதாயக் கூடங்களில் அடைத்து வைத்ததே, அதில் அவனும் ஒருவன். ஆதார் அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. நாலு நாள் கழித்து, ஊரிலிருந்து காகிதம் வந்த பிறகு விட்டார்கள். விட்டதும் ஊருக்கு ரயில் ஏறிவிட்டான். "போலீஸ்கிட்ட போனா முதல்ல எந்த ஊர்னு கேப்பாங்க, அப்புறம் திருடனை மறந்துருவாங்க" என்று இந்தப் பையன் சொன்னான். இது நடந்தது ஹரியானாவில். பயம் வந்து உட்கார்ந்தது என் வீட்டுக்கு எதிரே.

பத்து நாள் கழித்து அதே சாலையில் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் தாலிச் செயினைப் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். அதே ஆட்கள்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முதல் ஆள் புகார் கொடுத்திருந்தால் இரண்டாவது நடக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஸ்டேஷன் படி ஏறப் பயப்படுகிற ஆயிரம் பேர் ஒரு ஊரில் இருந்தால், திருடனுக்கு அதைவிட நல்ல ஊர் வேறு கிடையாது. பிரஸ் மெஷினில் விரல் போனவனுக்கு நஷ்ட ஈடு தராத காண்ட்ராக்டருக்கும் அதுதான் நல்ல ஊர். ஹாஸ்டல் பெண்ணைத் தொல்லை செய்கிறவனுக்கும் அதுதான் நல்ல ஊர்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. நம் பகுதியிலும் பையன்கள் மூட்டை கட்டினார்கள். அப்போது டி.ஜி.பி. சைலேந்திர பாபு காணொளியில் வந்து அது பொய் என்று சொன்னார். நம் போலீஸ் இந்தியிலேயே அறிவிப்புகள் போட்டது, உதவி எண் கொடுத்தது, வதந்தி பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை, நம் காவலர்கள் உழைத்துச் சம்பாதித்தது. ஒரு குரல் பதிவை நம்பி அதைச் செலவழிக்கச் சொல்கிறீர்கள்.

"பேச்சைக் கேட்டாலே தெரியுமே டீச்சர், அவன் வங்கதேசத்துக்காரன்" என்று ஒரு பழைய மாணவன், இன்று இருபத்தெட்டு அறைக்கு ஓனர், போனில் சொன்னான். அவனுக்கு 1991-ஐச் சொல்கிறேன்.

அந்த வருடம் மே 21 இரவு ராஜீவ் காந்தி நம் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அதற்குப் பின் வந்த மாதங்களை இங்கே வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் அப்போது ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குளச்சல் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்த ஒரு குடும்பம். அவர்கள் மகள் என் வகுப்பு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் நமக்கே கொஞ்சம் வேறு மாதிரிதான் கேட்கும். யாரோ ஒரு புண்ணியவான் "இவன் சிலோன் பேச்சு பேசுறான்" என்று சொல்லிவிட்டான். அந்த அப்பாவைக் கொண்டுபோய் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்தப் பெண் இரண்டு நாளும் பள்ளிக்கு வந்தாள், வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூட "உள்ளேன் டீச்சர்" சொல்லாமல் கையை மட்டும் தூக்கினாள். பேசினால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தோடு நானும் இன்னொரு டீச்சரும் போய் நின்ற பிறகு விட்டார்கள்.

அவர் இந்தியக் குடிமகன். தமிழ்நாட்டுக்காரர். போலீசும் தமிழ்நாடு போலீஸ். தமிழன் பேசுகிற தமிழை வைத்து, அவன் எந்த நாட்டுக்காரன் என்று தமிழ் போலீசாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வங்காளம் ஒரு வார்த்தை தெரியாத நம் காவலர் மால்டா வங்காளத்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் ராஜ்ஷாஹி வங்காளத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? மேற்கு வங்கம், திரிபுரா, அசாமின் பராக் பள்ளத்தாக்கு என்று கோடிக்கணக்கான இந்தியர்களுக்குத் தாய்மொழி வங்காளம். நம் தேசிய கீதம் எழுதப்பட்ட மொழி. தினமும் காலை வணக்கத்தில் பாடினீர்களே.

"பேச்சு வேண்டாம், பேப்பர் கேட்கலாமே" என்பீர்கள். அப்படியானால் நானே ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி கொடுத்தவள் நான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அம்மாவோ பாட்டியோ கூட்டிக்கொண்டு வருவார்கள். பிறப்புச் சான்று இருக்காது. "அறுவடைக்கு முந்தி பொறந்தான்", "பெரிய புயல் அடிச்ச வருசம்" என்பார்கள். உங்கள் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வேன். தொட்டுவிட்டால் ஐந்து வயது. சேர்க்கைப் பதிவேட்டில் மே என்றோ ஜூன் என்றோ ஒரு தேதி எழுதுவேன். அதுதான் டி.சி.யில் ஏறியது, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறியது, ஆதாரில் ஏறியது, பாஸ்போர்ட்டில் ஏறியது. ஜூன் மாதம் முகநூலில் வாழ்த்து குவிகிறதே, ஏன் என்று நினைத்தீர்கள்?

இப்போது சட்டத்தைப் பாருங்கள். குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியர். அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பின்னால் என்றால் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். 1992 ஜூனில் நான் சேர்த்த வகுப்பில் சிலருக்கு 1987 மே, சிலருக்கு ஜூன் என்று என் பேனா எழுதியது. அன்று மை கொஞ்சம் நகர்ந்து ஜூலை ஆகியிருந்தால் வேறு விதி. இப்படி ஒரு காகிதத்தை நடுராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து ஒரு தலைமைக் காவலர் முடிவு சொல்ல முடியுமா?

படித்த அதிகாரிகளுக்கே இது சறுக்குகிறது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, இலங்கை அகதிகளின் மகள் என்பதால் பாஸ்போர்ட் மறுத்தார்கள். மேலே சொன்ன விதிப்படி அவர் பிறப்பாலேயே இந்தியர். அதைச் சொல்ல 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வர வேண்டியிருந்தது. முப்பத்தாறு வருடம்! நாம் மட்டும் என்ன? 2025 கடைசியில் எஸ்.ஐ.ஆர். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு 2002, 2005 வாக்காளர் பட்டியலில் அப்பா பெயரைத் தேடி அலைந்தோமே. "டீச்சர், எங்கப்பா பேரு தப்பா இருக்கு" என்று எனக்கு எத்தனை போன் வந்தது? சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருந்துகொண்டே நமக்கு அந்தப் பதற்றம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பத்துக்குப் பத்து அறையில், மொழி தெரியாமல் இருக்கிறவனை நினைத்துப் பாருங்கள்.

சட்டம் தெரிந்த என் மாணவர்கள், அதிலும் வக்கீலாக இருக்கிற இருவர், இங்கே என்னைத் திருத்துவார்கள். அவர்கள் சொல்வதையும் நானே சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் குடியுரிமை, வெளிநாட்டவர், நாட்டை விட்டு வெளியேற்றுவது எல்லாம் ஒன்றியப் பட்டியல். காவல் துறை மாநிலப் பட்டியல். ஆனால் வெளிநாட்டவர் சட்ட அதிகாரங்கள் பலவற்றை 1958-லேயே டெல்லி மாநிலங்களிடம் ஒப்படைத்துவிட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், தலைமைக் காவலர் பதவிக்குக் குறையாத எந்தப் போலீசும் வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம் என்கிறது. நான் வெளிநாட்டவன் இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் பிடிபட்டவன் தலையில்தான். ஆக, அதிகாரம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை.

அதிகாரம் இருப்பதால்தான் பயப்படுகிறேன். பிரம்பு மேசையில் இருக்கிறது என்பதற்காக வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரையும் அடிக்க முடியாது. யார், என்ன செய்தான் என்று தெரிய வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் அசாம் வழக்கு ஒன்றில் இதைத்தான் சொன்னது. கையில் ஆதாரம் எதுவும் இல்லாமல், ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உன்மேல் சந்தேகம் என்று சொல்ல அந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பின் சாரம். நல்பாரி மாவட்டத்துக்காரர் ஒருவர், பெயரின் எழுத்திலும் தேதியிலும் சிறு வித்தியாசம் இருந்ததால் அந்நியர் ஆக்கப்பட்டிருந்தார். அவர் இந்தியர்தான் என்று நீதிமன்றம் சொன்னபோது அவர் உயிரோடு இல்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். மேற்கு வங்கம் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண். டெல்லியில் பிழைத்துக்கொண்டிருந்தவர். 2025 ஜூனில் போலீஸ் பிடித்தது, சில நாட்களிலேயே கணவன், எட்டு வயது மகனோடு வங்கதேச எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். சந்தேகப்படுகிறவர்களைப் பற்றி 30 நாட்களுக்குள் அவரவர் சொந்த மாநிலத்தில் விசாரிக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் அந்த மே மாதம்தான் சொல்லியிருந்தது. அந்த விசாரணைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் அங்கேயும் "இந்தியாவிலிருந்து அத்துமீறி வந்தவர்" என்று சிறை. செப்டம்பர் 26-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வெளியேற்றியது செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பர் 5-ல்தான் தாயும் மகனும் இந்திய மண்ணை மிதித்தார்கள். ஒரு நிறைமாத வயிற்றை இரண்டு நாடுகளும் பந்தாடின. ஒடிசாவில் ஜார்சுகுடாவில் அதே ஜூலையில் ஒரே வீச்சில் 400-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, பெரும்பாலோரை அப்புறம் விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்றால் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அர்த்தம். போன சம்பளத்தையும் மானத்தையும் யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

"அப்ப நிஜமான வங்கதேசத்துக்காரனை விட்டுடலாமா சித்தி?" என்று என் அக்கா மகன் கேட்பான். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் திருப்பூர் மாவட்டத்தில் 30 பேரளவில் பிடிபட்டார்களே, அது பொய் இல்லை. போலி ஆதார் செய்து கொடுக்கிற தரகர்கள் இருக்கிறார்கள், அதுவும் பொய் இல்லை. அவர்களைப் பிடிக்கட்டும். அந்த மாதிரி கைதுகள் தகவல், தொடர்பு, தரகன் என்று நூல் பிடித்துப் போய்ச் செய்ய வேண்டியவை. அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, ஒன்றிய அரசின் குடியேற்ற அலுவலகம் இருக்கிறது. எல்லையில் காசு வாங்கி உள்ளே விட்டவன் யார் என்பதும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. எல்லையில் கோட்டை விட்டதை ஒரகடம் லைன் வீட்டில் பிடிக்கச் சொல்வது, கேள்வித்தாளை வெளியே விட்டவனை விட்டுவிட்டு வகுப்பு முழுவதையும் பெஞ்சு மேல் ஏற்றுவது மாதிரி.

கடைசியாக நம் வீட்டுக் கதை. என் தம்பி மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே 1996-ல் சேர்த்த ஒரு சட்டப் பிரிவின்படி ஊர் போலீசே குடியேற்ற வேலையைச் செய்ய ஒப்பந்தம் போடலாம். "அத்தை, கார்ல போறப்பகூட பாஸ்போர்ட், விசா பேப்பர் எல்லாம் எடுத்துட்டுப் போறேன், எந்தப் போலீஸ் நிறுத்துவான்னு தெரியல" என்று அழாத குறையாகச் சொன்னாள். அதே நாட்டில் கலிபோர்னியா 2017-ல் சட்டம் போட்டு, ஊர் போலீஸ் அந்த வேலைக்குப் போவதைப் பெருமளவு தடுத்திருக்கிறது. குற்றத்துக்கு ஆளானவன் பயமில்லாமல் போலீசிடம் வர வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவள் குரல் பதிவைக் கேட்டு நம் குழுவில் எல்லோரும் "அநியாயம்", "இனவெறி" என்று எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதினீர்கள். அதே விரல்கள்தான் போன வாரம் கைதட்டின.

இனி வீட்டுப்பாடம்.

காவல் துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு: நாலைந்து பேர் இருக்கிறீர்கள், ஒருவர் எஸ்.ஐ. ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டுப் பெருமைப்பட்டேன். புகார் கொடுக்க வருகிறவனிடம் முதலில் புகாரை வாங்குங்கள். மொழியை வைத்து யாரையும் பிடிக்காதீர்கள். உண்மையிலேயே சந்தேகம் வந்தால் அவன் சொந்த ஊர் ஸ்டேஷனுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை அவன் வேலைக்குப் போகட்டும். பிடித்தால் 24 மணி நேரத்தில் நீதிபதி முன்னால் நிறுத்துங்கள். அது குடிமகனுக்கு மட்டும் உள்ள உரிமை இல்லை.

வீட்டு ஓனர்களுக்கு: வாடகை வாங்கும்போது தலைக்கு இவ்வளவு என்று எண்ணத் தெரிகிறது. அடையாள நகலும் ஊர் முகவரியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது ஒழுங்கு. "போலீஸ்ல சொல்லிருவேன்" என்று மிரட்டி வாடகையை ஏற்றினால் அது கொள்ளை. ஒருத்தன் அப்படிச் செய்வதாக என் காதுக்கு வந்திருக்கிறது. உன் பெயரை எழுதவில்லை, நீயே திருந்து.

காண்ட்ராக்டர்களுக்கு: வெளிமாநிலத் தொழிலாளிக்குப் படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஒரு பையன் கையிலும் அந்தப் பாஸ்புக்கை நான் பார்த்ததில்லை. நீங்கள் உங்கள் கடமையைச் செய்திருந்தால் யார் எங்கிருந்து வந்தான் என்று போலீஸ் தேடவே வேண்டாம்.

அக்கா மகனுக்கு: நீ நல்ல பையன். கொரோனா சமயத்தில் நடந்தே ஊருக்குப் புறப்பட்ட பையன்களுக்கு நெடுஞ்சாலையில் நின்று சோற்றுப் பொட்டலம் கொடுத்தவன். அப்போது ஒருவனிடமாவது பேப்பர் கேட்டாயா? அந்தக் குரல் பதிவை நீக்கிவிடு. யார் பேசியது என்றே தெரியாததை இனி அனுப்பாதே.

எதிர் வீட்டுப் பையனின் கைக் காயம் ஆறிவிட்டது. வரும் திங்கட்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போகிறேன். ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அறுபத்தைந்து வயதில் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது. யாராவது இரண்டு பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்போம்.

தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். திட்டுவதென்றால் எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்